சோழமண்டலத் துணியும் மூடிய கதவுகளும்

17-ஆம் நூற்றாண்டில், மசூலிப்பட்டினத்திலிருந்து நாகப்பட்டினம் வரை நீளும் சோழமண்டலக் கரையில் நெய்த பருத்தித் துணி, ஜாவாவிலும் பாரசீகத்திலும் லண்டனிலும் ஒரே காலத்தில் விற்பனையானது. அடுத்து வந்த முந்நூற்றைம்பது ஆண்டுகளில் பருத்தித் துணியின் பொருட்டு முதலில் இங்கிலாந்தும் பிரான்சும், பிறகு விடுதலை பெற்ற இந்தியாவும், கடைசியில் பணக்கார நாடுகள் கூட்டாகவும் தங்கள் சந்தைக்கு வேலி போட்டன. வெளியிலிருந்து வரும் மலிவான, நயமான சரக்கு உள்ளூர்த் தொழிலைத் தாக்கும்போது ஒரு சமூகம் எப்படித் தற்காத்துக்கொள்கிறது, அந்த உரிமை யாருக்குக் கிடைக்கிறது, யாருக்கு மறுக்கப்படுகிறது என்பதை இந்தத் துணியின் வரலாற்றைப் போலத் தெளிவாகக் காட்டும் வரலாறுகள் குறைவு.

ஐரோப்பியர் இந்தத் துணியைத் தேடி வந்தது முதலில் தாங்கள் உடுத்துவதற்காக அல்ல. கிராம்பும் சாதிக்காயும் மிளகும் விற்ற தென்கிழக்கு ஆசியத் தீவுகளில் சோழமண்டலத் துணிக்குப் பல தலைமுறைகளாக மதிப்பு இருந்தது. துணி கொடுத்தால் மசாலா எளிதில் கிடைத்தது. அதனால் மசாலா வணிகத்தில் இறங்கிய ஒவ்வொரு கம்பெனியும் இந்தக் கரையில் ஓர் இடம் பிடித்தாக வேண்டியிருந்தது. டச்சுக்காரர்கள் 1610-இல் பழவேற்காட்டிலும், ஆங்கிலேயர் 1611-இல் மசூலிப்பட்டினத்திலும், டென்மார்க்குக்காரர்கள் 1620-இல் தரங்கம்பாடியிலும் பண்டகசாலை அமைத்தனர். பிரெஞ்சுக்காரர்கள் 1674-இல் புதுச்சேரிக்கு வந்தனர்.

சென்னை பிறந்ததும் துணியால்தான். 1639-இல் தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கரிடமிருந்து பிரான்சிஸ் டே பெற்ற நிலத்தில் துறைமுகம் இல்லை. கப்பல்கள் ஆழ்கடலில் நிற்க, சரக்கை மசூலாப் படகுகளில் அலைகளின் ஊடே ஏற்றி இறக்க வேண்டியிருந்தது. அப்படியிருந்தும் அந்த இடத்தை அவர் தேர்ந்ததற்குச் சுற்று வட்டாரத்தில் நல்ல துணி மலிவாகக் கிடைத்ததே முக்கியக் காரணம். கோட்டை எழும்பியதும் நெசவாளர்களையும் சாயக்காரர்களையும் வரிச்சலுகை தந்து அழைத்துக் குடியமர்த்தினார்கள். இந்த வழக்கம் ஏறத்தாழ நூறாண்டு தொடர்ந்தது. ஆளுநர் ஜோசப் காலெட் காலத்தில் திருவொற்றியூர் அருகே காலடிப்பேட்டை உருவானது. 1734-இல், மார்ட்டன் பிட் ஆளுநராக இருந்தபோது, நூற்பவர், நெய்பவர், சித்திரம் எழுதுபவர், வெளுப்பவர் ஆகியோருக்கென்றே சிந்தாதிரிப்பேட்டை அமைக்கப்பட்டது.

கம்பெனிகள் வாங்கிய சரக்கில் பெரும்பகுதி வெள்ளைத் துணியும் ஒரே நிறச் சாயத் துணியும்தான். ஐரோப்பாவை மயக்கியதோ சீட்டித் துணி. அதன் செய்முறை பொறுமையானது. நெய்த துணியைக் கடுக்காய்ச் சாற்றிலும் எருமைப் பாலிலும் தோய்த்து உலர்த்துவார்கள். பாலின் கொழுப்பு, மேலே எழுதும் கோடு பரவாமல் காக்கும். இரும்பை ஊறவைத்து எடுத்த கரைசலை மூங்கில் எழுதுகோலால் தொட்டுக் கறுப்புக் கோடுகள் வரைவார்கள். சிவப்பு வர வேண்டிய இடங்களில் படிகாரக் கரைசலைப் பூசுவார்கள். பிறகு துணியைச் சாயவேர் போட்ட நீரில் கொதிக்க வைத்தால், படிகாரம் பட்ட இடத்தில் மட்டும் சிவப்பு பிடிக்கும். நீலம் தேவைப்படாத பகுதிகளை மெழுகால் மூடிவிட்டு அவுரித் தொட்டியில் முக்குவார்கள். மெழுகை நீக்கி, வெளுத்து, வெயிலில் விரித்து, மறுபடி சாயமிட்டு முடிக்கப் பல வாரங்கள் ஆகும். துவைக்கத் துவைக்க இந்த நிறம் மங்காமல் நின்றது. அக்கால ஐரோப்பாவில் பருத்தியின் மேலும் நார்த்துணியின் மேலும் நிலைத்து நிற்கும் இத்தகைய வண்ணங்களை ஏற்ற யாருக்கும் தெரியாது. கம்பளியின் கனமும் பட்டின் விலையும் இல்லாத, துவைத்து உடுத்தக்கூடிய, பூப்போட்ட துணி என்பதே அங்கு ஒரு புதுமை.

இதை நெய்தவர்கள் வறுமையில் கிடந்த கூலிகள் என்று எண்ணிவிடக் கூடாது. கைக்கோளர், தேவாங்கர், சாலியர், சேணியர் எனப் பல சமூகத்தார் தறியில் இருந்தனர். வணிகர் முன்பணம் தருவார். நெசவாளர் அதைக் கொண்டு நூல் வாங்கி நெய்து கொடுப்பார். வேறொருவர் நல்ல விலை சொன்னால் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகிக்கொள்ளும் வழக்கம் இருந்தது. கெடுபிடி மிகுந்தால் ஊரோடு கிளம்பி அடுத்த அரசரின் எல்லைக்குப் போய்விடுவார்கள். தறிகளை இழந்தால் வருவாயை இழக்க நேரும் என்று அஞ்சிய குறுநில மன்னர்கள் அவர்களை வரவேற்றுக் குடியமர்த்தினார்கள். 18-ஆம் நூற்றாண்டுத் தென்னிந்திய நெசவாளரின் வாங்கும் திறன் அதே காலத்து இங்கிலாந்து நெசவாளரின் வாங்கும் திறனுக்குக் குறைந்ததல்ல என்று பிரசன்னன் பார்த்தசாரதி வாதிடுகிறார். அரிசி இங்கு மலிவு. பண அளவில் கூலி குறைவாக இருந்தாலும் அதைக் கொண்டு வயிறார உண்ண முடிந்தது என்பது அவர் வாதத்தின் சாரம். இதை எல்லா ஆய்வாளரும் ஏற்கவில்லை. நெசவாளருக்குப் பேரம் பேசும் வலு இருந்தது என்பதையோ கம்பெனியின் ஆவணங்களே சலிப்போடு பதிவு செய்திருக்கின்றன.

1680-களின் நடுவில் ஆங்கிலக் கம்பெனி ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட துணித் துண்டுகளை இந்தியாவிலிருந்து இறக்குமதி செய்தது. சீமாட்டிகளின் கவுனாகவும், திரைச்சீலையாகவும், கட்டில் விரிப்பாகவும் தொடங்கிய மோகம் சில ஆண்டுகளில் வேலைக்காரப் பெண்கள் வரை இறங்கியது. இங்கிலாந்தின் பெருமையும் வருவாயும் கம்பளி நெசவில் இருந்தன. லண்டனின் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பகுதியில், பிரான்சிலிருந்து மத ஒடுக்குமுறைக்குத் தப்பி வந்த ஹியூகனோக்கள் உட்பட, ஆயிரக்கணக்கானோர் பட்டு நெய்து பிழைத்தனர். வேலை போனதும் அவர்களுடைய கோபம் இந்தியத் துணியின் மேல் திரும்பியது. 1697-இன் தொடக்கத்தில் நெசவாளர் கூட்டம் நாடாளுமன்றத்தை முற்றுகையிட்டது. கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமையகத்தைத் தாக்கியது.

நாடாளுமன்றம் பணிந்தது. 1700-இல் நிறைவேறி அடுத்த ஆண்டு செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டம், இந்தியா, பாரசீகம், சீனா ஆகிய நாடுகளிலிருந்து வரும் அச்சிட்ட, சாயமிட்ட பருத்தித் துணிகளையும் பட்டையும் இங்கிலாந்தில் உடுத்தக் கூடாது என்றது. வெள்ளைத் துணியை இறக்கி உள்நாட்டில் அச்சிட்டுக்கொள்ள அந்தச் சட்டம் இடம் விட்டிருந்தது. அந்த இடைவெளியில் லண்டனைச் சுற்றி அச்சுப் பட்டறைகள் பெருகின. மோகம் குறையவில்லை, கள்ளச் சரக்கும் நின்றபாடில்லை. 1719 கோடையில் மறுபடி கலவரம் வெடித்தது. இம்முறை இலக்கு கம்பெனி அல்ல, துணியை உடுத்தியிருந்த பெண்கள். நடுத்தெருவில் அவர்களுடைய ஆடையைக் கிழித்தார்கள்; மையையும் அமிலத்தையும் வீசினார்கள். புகழ்பெற்ற எழுத்தாளர் டேனியல் டீஃபோ அந்த ஆண்டுகளில் இந்தியத் துணிக்கு எதிராகத் தொடர்ந்து எழுதினார். தொழிலாளியின் பட்டினியில் நியாயம் இருந்தது. அந்த நியாயம் வழியில் போன பெண்ணின் உடலைத் தேடியது வெட்கக்கேடு. அந்நியச் சரக்கின் மேல் எழும் சினம் அதைச் செய்தவரையும் விற்றவரையும் விட்டுவிட்டு, எளிதில் கைக்கெட்டும் ஒருவர் மேல் விழுவது பின்னாளில் பல நாடுகளிலும் நடந்தது.

1721-இல் வந்த இரண்டாவது சட்டம் முந்தைய இடைவெளியை அடைத்தது. எங்கு அச்சிட்டதாயினும் அச்சிட்ட பருத்தித் துணியை உடுத்துவோருக்கு 5 பவுனும் விற்போருக்கு 20 பவுனும் அபராதம். மஸ்லின், நீலச் சாயத் துணி போன்ற சிலவற்றுக்கு மட்டும் விலக்கு. பிரான்ஸ் இதற்கு முன்பே, 1686-இல், இந்தியத் துணியின் இறக்குமதியையும் அதைப் பார்த்து உள்நாட்டில் அச்சிடுவதையும் சேர்த்துத் தடை செய்திருந்தது. அந்தத் தடை 1759 வரை நீடித்தது. அரசவைப் பெண்களே அதை மீறி உடுத்தினார்கள். டச்சுக்காரர்கள் தடை போடவில்லை. அவர்களுடைய நாடு வணிகத்தால் வாழ்ந்தது. காப்பாற்ற வேண்டிய பெரிய தொழிலைவிட விற்க வேண்டிய சரக்கு அவர்களிடம் அதிகம் இருந்தது.

ஆங்கிலச் சட்டங்கள் மறு ஏற்றுமதியைத் தொடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இங்கிலாந்தில் உடுத்தக் கூடாத துணி லண்டன் கிடங்குகளிலிருந்து மேற்கு ஆப்பிரிக்காவுக்குச் சென்றது. 18-ஆம் நூற்றாண்டில் அங்கே அடிமைகளை வாங்கக் கொடுத்த பண்டங்களில் இந்தியப் பருத்தித் துணி முதன்மையான ஒன்று. புதுச்சேரியில் அவுரியில் தோய்த்த நீலத் துணி, ‘கினி’ என்ற பெயரில் செனகல் ஆற்றங்கரையில் பணமாகவே புழங்கியது. இந்தக் கரையின் நெசவாளருக்குத் தன் துணி எதற்கு விலையாகப் போகிறது என்று தெரிய வாய்ப்பே இருந்திருக்காது. ஆனாலும் அந்த வணிகத்தின் கணக்கிலிருந்து இந்த வரியை நீக்க முடியாது.

மூடிய கதவுக்குப் பின்னால் இங்கிலாந்து சும்மா இருக்கவில்லை. பஞ்சு வரத் தடையில்லை. பருத்திநூல் ஊடையும் நார்நூல் பாவும் கலந்து நெய்த துணியை அச்சிட 1736-இல் அனுமதி கிடைத்தது. லங்காஷயரில் நூற்ற பருத்தி நூல் பாவாக நீட்டும் அளவுக்கு வலுவற்றதாக இருந்ததே இந்தக் கலப்புக்குக் காரணம். ஜான் கே 1733-இல் விசை நாடாவைக் கண்டுபிடித்ததும் தறி வேகமாக ஓடியது, நூல் போதவில்லை. 1760-களில் ஹார்கிரீவ்ஸின் ஜென்னி வந்தது. 1769-இல் ஆர்க்ரைட் காப்புரிமை பெற்ற நீர்விசைப் பொறி பாவுக்கேற்ற வலுவான நூலைத் தந்தது. 1774-இல் முழுப் பருத்தித் துணிக்கான தடை நீங்கியது. 1779-இல் கிராம்ப்டனின் பொறி மஸ்லினுக்குரிய மென்மையான நூலையே நூற்றது. இந்தக் கண்டுபிடிப்புகளுக்கு இங்கிலாந்தின் உயர்ந்த கூலியும் மலிவான நிலக்கரியுமே காரணம் என்பவர்கள் உண்டு. இந்தியத் துணிக்கு ஈடாக ஒன்றைச் செய்துவிட வேண்டும் என்ற நெருக்கடியே முதல் உந்துதல் என்பவர்களும் உண்டு. போட்டியாளரின் சரக்கை ஐம்பது ஆண்டுகள் வெளியே நிறுத்திய சட்டம், கற்றுக்கொள்ள அவகாசம் தந்தது என்பதை மறுக்க முடியாது.

கற்றுக்கொண்டது உண்மையில் இங்கிருந்துதான். 1734-இல் போலியே என்ற பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி புதுச்சேரியில் சீட்டித் துணி சாயமிடும் ஒவ்வொரு கட்டத்தையும் பார்த்துக் குறித்து, ஒவ்வொரு நிலையிலும் துணியின் மாதிரித் துண்டை வெட்டி ஒட்டி வைத்தார். சேசு சபைப் பாதிரியார் கேர்டூ, 1742-இல் எழுதிய கடிதத்தில் மதம் மாறிய சாயக்காரர்களிடம் கேட்டறிந்த முறைகளைப் பிரான்சுக்கு அனுப்பினார். தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்த அறிவு, அதற்குரியவர்களுக்கு ஒரு காசும் வராமல் வெளியேறியது. 1760-இல், பிரெஞ்சுத் தடை நீங்கிய மறு ஆண்டு, ஓபர்காம்ப் பாரிஸ் அருகே ஜூய் என்ற ஊரில் தொடங்கிய அச்சுப் பட்டறை ஐரோப்பாவின் பெரும் துணித் தொழிலகங்களில் ஒன்றாக வளர்ந்தது.

இதற்குள் இந்தக் கரையில் ஆட்சியே மாறியிருந்தது. 1760-களிலிருந்து செங்கல்பட்டு முதலான பகுதிகள் கம்பெனியின் கைக்கு வந்தன. வணிகராக இருந்தபோது பேரம் பேசிய கம்பெனி, அரசானதும் ஆணையிட்டது. முன்பணத்தைத் திருப்பித் தந்து விலகும் வழக்கம் ஒழிக்கப்பட்டது. ஒப்பந்தத் துணி முடியும் வரை நெசவாளரின் வீட்டு வாசலில் சேவகனை நிறுத்தி, அவன் கூலியையும் நெசவாளரிடமே வாங்கினார்கள். ஊரைவிட்டுக் கிளம்பினாலும் போய்ச் சேர வேறோர் அரசு மிஞ்சவில்லை. இயந்திரத் துணி வந்து இறங்குவதற்கு முன்பே நெசவாளரின் வலு முறிந்திருந்தது. தொழில் அழிவை இயந்திரத்தின் கணக்கில் மட்டும் எழுதும் வரலாறுகள் இந்த முப்பது நாற்பது ஆண்டுகளைத் தாண்டிப் போய்விடுகின்றன.

அதன் பிறகு நடந்ததை எண்களே சொல்லும். 1812-இல் இங்கிலாந்தில் காலிகோ எனப்பட்ட இந்தியப் பருத்தித் துணி மீதான வரி 70 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. 1813-இல் கம்பெனியின் வணிக ஏகபோகம் முடிந்து, ஆங்கிலேய வணிகர் எல்லோருக்கும் இந்தியச் சந்தை திறந்தது. 1814-இல் இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்கு வந்த பருத்தித் துணி சுமார் 8 லட்சம் கஜம். 1835-இல் 5 கோடி கஜத்துக்கு மேல். அதே காலத்தில் இந்தியாவிலிருந்து அங்கு போனது 12 லட்சம் துண்டுகளிலிருந்து 3 லட்சமாகச் சரிந்தது. 1840-இல் கூட இந்தியா செல்லும் ஆங்கிலேயத் துணி 3.5 சதவீத வரியும், இங்கிலாந்து செல்லும் இந்தியப் பருத்தித் துணி 10 சதவீத வரியும் கட்டின. தடையற்ற வணிகம் என்ற கொள்கை முழக்கமாக எழுந்தது, இங்கிலாந்துக்குத் தடை தேவைப்படாத நிலை வந்த பிறகுதான். அந்நியச் சரக்கைத் தடுக்கும் அதிகாரம் ஒவ்வொரு நாட்டுக்கும் தேவைப்படும் காலம் உண்டு. இந்தியாவுக்குத் தேவைப்பட்டபோது இந்தியாவிடம் அது இல்லை.

முதல் அடி விழுந்தது தறியின் மேல் அல்ல, ராட்டையின் மேல். 1820-களிலிருந்து வந்து குவிந்த மான்செஸ்டர் நூல் கைநூலைவிட மலிவு, சீர். வீட்டு வேலைக்கிடையே நூற்றுச் சிறு வருவாய் கண்ட லட்சக்கணக்கான பெண்கள் அதை இழந்தனர். விதவைகளுக்கும் வயதானவர்களுக்கும் அதுவே ஒரே பிழைப்பாக இருந்தது. அவர்கள் ஊர்வலம் போகவில்லை, மனு எழுதவில்லை. அதனாலேயே அந்த இழப்பு ஆவணங்களில் மிக மெல்லிய தடமாக நிற்கிறது.

நெசவாளரில் ஒரு பகுதியினர் அதே ஆலை நூலை வாங்கி நெய்து தாக்குப்பிடித்தனர். சாதாரண வெள்ளைத் துணியில் இயந்திரத்தோடு மோத முடியாது என்று கண்டு, இயந்திரம் அப்போது தொடாத இடங்களுக்கு நகர்ந்தார்கள். கரையும் முந்தியும் வேறு வேறு நிறமான சேலை, சரிகைப் பட்டு, கட்டம்போட்ட லுங்கி, மதுரையின் சுங்குடி ஆகியவை நிலைத்தன. பவானியின் ஜங்கமர் சமூக நெசவாளர்கள், ஆங்கிலேயத் துணியின் போட்டியில் நலிந்து, தடித்த வண்ண நூலில் நெய்யத் தொடங்கியதே பவானி ஜமக்காளம். மதுரையின் சௌராஷ்டிரர்கள் சாயத் தொழிலிலும் நெசவிலும் ஒருங்கே வளர்ந்தார்கள். இலங்கை, பர்மா, மலேயாத் தோட்டங்களுக்குத் தமிழர்கள் கூலிகளாகக் குடிபெயர்ந்தபோது, சென்னை மாகாணத்து லுங்கிகளுக்கும் கைலிகளுக்கும் அங்கே புதுச் சந்தை உண்டானது. ஆனால் முதலோடு நின்றவர் கைக்கு இலாபமும், அவருக்குக் கூலிக்கு நெய்தவர் கைக்குக் கடனும் போயின.

இந்தியாவிலேயே ஆலைகள் எழும்பியபோது வேறொரு மோதல் வந்தது. வரவு செலவு இடிக்கவே 1894-இல் அரசு இறக்குமதிப் பொருட்களுக்கு 5 சதவீத வரி போட நேர்ந்தது. அது இந்திய ஆலைகளுக்கு மறைமுகப் பாதுகாப்பாகிவிடும் என்று லங்காஷயர் முதலாளிகள் கொதித்தனர். அவர்களைச் சமாதானப்படுத்த, 1896-இல் துணி மீதான இறக்குமதி வரியை 3.5 சதவீதமாகக் குறைத்து, அதே அளவு உற்பத்தி வரியை இந்திய ஆலைத் துணி மேலும் போட்டார்கள். தன் நாட்டுச் சந்தையில் தன் நாட்டுத் துணி, அந்நியத் துணிக்குச் சமமாக வரி கட்ட வேண்டும் என்று தொடங்கிய இந்த உற்பத்தி வரி 1925 வரை நீடித்தது. வணிகக் கொள்கையை லண்டன் தீர்மானிக்கும் வரை சட்டத்தால் தற்காத்துக்கொள்ள வழியில்லை என்பதை அது படித்தவர்களுக்கு உணர்த்தியது.

சட்டம் இயற்ற முடியாத மக்கள் வாங்காமல் இருக்க முடியும். 1905 ஆகஸ்ட் 7 அன்று கல்கத்தா நகர மண்டபத்தில் அந்நியப் பொருள் மறுப்பு அறிவிக்கப்பட்டது. தூத்துக்குடியில் வ.உ.சிதம்பரம் பிள்ளை தரும சங்க நெசவுச் சாலையையும் சுதேசிப் பண்டகசாலையையும் தொடங்கினார். 1906-இல் சுதேசி நாவாய்ச் சங்கத்தைப் பதிவு செய்து, ஆங்கிலேயக் கம்பெனிக்குப் போட்டியாகத் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் விட்டார். துணியை மறுப்பது போதாது, அதைச் சுமக்கும் கப்பலும் சொந்தமாக இருக்க வேண்டும் என்று கண்டது அவருடைய தனித்த பார்வை. 1908-இல் ஹார்வி நிறுவனத்தின் கோரல் ஆலைத் தொழிலாளரின் வேலைநிறுத்தத்தை முன்னின்று நடத்தினார். அடுத்து வந்தது சிறை. 1911-இல் சங்கம் கலைக்கப்பட்டது.

காந்தி 1921 செப்டம்பரில் மதுரையில் முழு உடையைக் களைந்து அரைத்துணிக்கு மாறினார். அந்நியத் துணியை எரிப்பதோடு நில்லாமல், நூறாண்டுக்கு முன் ராட்டையை இழந்தவர்களுக்கு அதைத் திருப்பித் தருவதே கதர்த் திட்டத்தின் உயிர். திருப்பூர் தமிழ்நாட்டின் கதர் மையமானது. ஈ.வெ.ராமசாமி தமிழ்நாட்டுக் கதர் வாரியத்துக்குத் தலைமை தாங்கித் தோளில் கதர் மூட்டை சுமந்து விற்றார். 1931 செப்டம்பரில், வட்டமேசை மாநாட்டுக்குப் போன காந்தி லங்காஷயருக்கும் சென்றார். புறக்கணிப்பாலும் உலகப் பொருளாதாரச் சரிவாலும் வேலையிழந்திருந்த ஆலைத் தொழிலாளிகள் அவரை அன்போடு வரவேற்றார்கள். அவர்களின் துயரத்தை அவர் மறுக்கவில்லை. இந்தியக் கிராமத்தின் வறுமை அதைவிட எவ்வளவோ ஆழமானது என்று எடுத்துச் சொன்னார். 1697-இல் துணி ஏற்றி வந்த கம்பெனியைத் தாக்கிய அதே தொழிலாளர் வர்க்கத்தின் வழித்தோன்றல்கள், தங்கள் துணியை மறுத்தவரோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

விடுதலைக்குப் பிறகு அந்நியத் துணி பிரச்சினையாக இல்லை. கைத்தறிக்கு எதிரே நின்றது உள்நாட்டு ஆலை. 1952-இல் இலங்கை, மலேயா போன்ற வெளிநாட்டுச் சந்தைகள் சுருங்கியதும் சென்னை மாநிலத்துத் தறிகள் முடங்கின. நெசவாளர் ஊர்களில் கஞ்சித் தொட்டிகள் திறக்கும் நிலை வந்தது. முதலமைச்சர் ராஜாஜி, வேட்டியும் சேலையும் நெய்வதைக் கைத்தறிக்கே ஒதுக்க வேண்டும் என்று மத்திய அரசிடம் வற்புறுத்தினார். எதிர் முகாமில் இருந்த அண்ணாதுரையும் அவர் கட்சியினரும் 1953-இல் தெருத்தெருவாகக் கைத்தறித் துணி சுமந்து விற்றார்கள். காஞ்சிபுரத்துக்காரரான அண்ணாதுரைக்கு நெசவாளர் துயரம் கேள்விப்பட்டு அறிந்ததல்ல. அதே ஆண்டில் ஆலைத் துணிமீது கூடுதல் உற்பத்தி வரி விதித்து, அந்தத் தொகையைக் கதருக்கும் கைத்தறிக்கும் செலவிடும் மத்தியச் சட்டம் வந்தது. 1935-இல் தொடங்கிய கூட்டுறவு நிறுவனமான கோ-ஆப்டெக்ஸ் சங்கங்களின் துணியை வாங்கி விற்றது. 1983-இல் எம்.ஜி.ஆர் ஆட்சியில் தொடங்கிய இலவச வேட்டி சேலைத் திட்டம் தறிகளுக்கு நிலையான வேலை தந்தது.

முழுமையான ஒதுக்கீடு வர 1985 ஆனது. கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் 22 வகைத் துணிகளைக் கைத்தறிக்கென்று ஒதுக்கியது. ஆலை, விசைத்தறி உரிமையாளர்கள் தொடுத்த வழக்குகளால் அது பல ஆண்டுகள் செயலற்றுக் கிடந்தது. 1993-இல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. அதற்குள் விசைத்தறி ஊர் ஊராகப் பரவிவிட்டது. பின்னர் ஒதுக்கீட்டுப் பட்டியலும் 11 வகைகளாகச் சுருக்கப்பட்டது. நூலிலும் இதே கதை. நூற்பாலைகள் தங்கள் நூலில் ஒரு பங்கைக் கைத்தறிக்கேற்ற சிட்டமாகக் கட்டித் தர வேண்டும் என்ற விதியில் அந்தப் பங்கு 50 சதவீதமாக இருந்தது. 2003-இல் 40 ஆகவும் 2019-இல் 30 ஆகவும் குறைந்தது. சிட்ட நூலுக்கான சலுகையைப் பெற்று, அதை விசைத்தறிக்குத் திருப்பிவிடுவதும் நெடுங்காலமாக நடந்து வருகிறது. இங்கிலாந்தின் 1721 சட்டத்தை நிறைவேற்றச் செல்வாக்குள்ள கம்பளித் தொழில் முழுதும் பின்னால் நின்றது. 1985 சட்டத்தின் பின்னால் நிற்பவர் தினக்கூலிக்கு நெய்யும் குடும்பத்தார். சட்டத்தின் சொற்கள் அல்ல, அதைக் காவல் காப்பவரின் வலுவே வேறுபாடு.

உலக அரங்கில் 1961-க்குப் பிறகு கதவுகள் மறுபடி மூடின. இம்முறை அமெரிக்காவும் மேற்கு ஐரோப்பாவும் ஜப்பான், ஹாங்காங், இந்தியா போன்ற நாடுகளின் பருத்தித் துணிக்கு அளவு நிர்ணயித்தன. தடையற்ற வணிகத்தை வளர்க்கவென்று உருவான காட் உடன்படிக்கைக்கு உள்ளேயே இந்த விலக்கு இடம்பெற்றது. 1974-இல் பல்லிழை ஒப்பந்தம் என்ற பெயரில் கம்பளிக்கும் செயற்கை இழைக்கும் விரிந்தது. உலக வணிக அமைப்பு உருவான 1995 முதல் படிப்படியாகத் தளர்ந்து, 2005 ஜனவரி 1 அன்று முடிவுக்கு வந்தது. கதர் மையமாக இருந்த திருப்பூர் அதற்குள் பின்னலாடை ஏற்றுமதி நகரமாகியிருந்தது. அளவுக் கட்டுப்பாடு நீங்கியது அதன் வளர்ச்சிக்கு உதவியது. சாயக் கழிவு நொய்யல் ஆற்றை அழித்ததும் அந்த வளர்ச்சியின் செலவே. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கான வரியை 50 சதவீதமாக உயர்த்தியபோது, திருப்பூரின் ஆர்டர்கள் அந்த வாரமே தயங்கி நின்றன.

இக்காலக் கைத்தறிக்குக் கிடைத்திருக்கும் புதிய கவசம் பெயருரிமை. புவிசார் குறியீட்டுச் சட்டம் 1999-இல் நிறைவேறி 2003-இல் நடைமுறைக்கு வந்தது. காஞ்சிபுரம் பட்டு, பவானி ஜமக்காளம், மதுரை சுங்குடி, காளஹஸ்திக் கலம்காரி ஆகியவை அதன்கீழ்ப் பதிவாகியிருக்கின்றன. போலியேயும் கேர்டூவும் குறிப்பெடுத்துச் சென்ற காலத்தில் இப்படியொரு சட்டம் இல்லை. ஆனால் பெயரைக் காப்பது வேறு, கூலியைக் காப்பது வேறு. பதிவு பெற்ற பெயரில் விசைத்தறிச் சரக்கு விற்கும் கடைகள் மேல் நடவடிக்கை எடுக்கக் கைத்தறிக் கூட்டுறவுச் சங்கங்களுக்கு ஆளும் பணமும் இல்லை. அந்தப் பொறுப்பை அரசே ஏற்றாக வேண்டும்.

2019–20 கைத்தறிக் கணக்கெடுப்பின்படி நாடு முழுவதும் 35 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கைத்தறியையும் அதன் துணை வேலைகளையும் நம்பியிருக்கிறார்கள். அவர்களில் பெரும்பான்மையினர் பெண்கள். அவர்களுக்காக இயற்றிய 1985 சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. சேலை, வேட்டி, துண்டு, லுங்கி, ஜமக்காளம் உள்ளிட்ட 11 வகைகளில், அதன் வரையறைக்குள் வரும் துணிகளை விசைத்தறியில் நெய்வதை அது தடை செய்கிறது.